மழை ஞாயிறுகளில் நிறைந்த கோயில்

பேக்கரி சுனில்தான் முதலில் சொன்னார். "மாஸ்டர், அப்பே ஞானம்மா அக்கா விடியக் காலையில போயிட்டாங்க." சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடித்தவர், எனக்கு எடுத்த பாண் ரொட்டியைத் தாளில் சுற்றாமலே நின்றார்.

தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் பழைய அந்தோனியார் கோயிலில், தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசித்தவர் ஞானம்மா அக்கா. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். நான் சைவன், செவ்வாய்க்கிழமைகளில் மெழுகுதிரி ஏற்றப் போகும் பலரில் ஒருவன். முதல் நாள் வாசலில் தயங்கியபோது, "உள்ள வாங்க மாஸ்டர், அந்தோனியார் இடாப்புப் பார்த்துப் பேர் கூப்பிடுறதில்ல" என்றார்.

சில வருடங்களுக்கு முன், புதிதாக வந்த பாதர் தமிழ்ப் பூசையைச் சிங்களப் பூசையோடு சேர்த்துவிட எண்ணினார். நல்ல மனிதர். ஞாயிறு காலை ஏழு மணித் தமிழ்ப் பூசைக்கு ஏழெட்டுப் பேர்தான் இருந்தால் அவரும் என்ன செய்வார்? நமக்குத்தான் சிங்களம் தெரியுமே என்று எங்கள் ஆட்களே தலையாட்டினார்கள்.

அக்கா ஆட்டவில்லை. "சிங்களத்துல சாமான் வாங்குவேன், சண்டையும் போடுவேன் பாதர். செத்துப்போன என் புள்ளைக்குச் செபம் பண்ண மட்டும் தமிழ்தான் வருது."

"ஆட்கள் இல்லையே அம்மா?"

"மழை பெய்யட்டும். அப்ப எண்ணிப் பாருங்க."

வகுப்பில் ஒரு பிள்ளை வெள்ளிதோறும் வராவிட்டால் சோம்பேறி என்று முடிவு கட்டுவோம். வீட்டில் தம்பியைப் பார்க்க ஆளில்லை என்பது பிறகுதான் தெரியவரும். இதுவும் அப்படித்தான். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெயிலடித்தால் ஞாயிறும் வேலை. பாதர் வந்ததோ வெயில் மாதங்களில்.

அடுத்த மழை ஞாயிறு விறாந்தை வரை ஆட்கள். பாதர் பீடத்தருகே நின்று வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தார். அக்கா முகத்தில் வெற்றிச் சிரிப்பு எதுவுமில்லை. ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு வாசகம் வாசிக்கப் போனார்.

பூசை முடிந்ததும் பாதர் கேட்டார்: "வெட்டின பாலை நிறுத்துக் கொடுத்து முடிய எத்தனை மணியாகும்?"

"ரெண்டு மணிக்கு வையுங்க. குளிச்சிட்டே வருவோம்."

அன்றிலிருந்து தமிழ்ப் பூசை பகல் இரண்டு மணிக்கு.

அடக்கம் முடிந்த மறு ஞாயிறு நானும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில், கோயில் நிறைந்திருந்தது. "இனி யார் வாசிக்கிறது?" என்று பாதர் கேட்டதும் மூன்று பெண்கள் ஒன்றாக எழுந்தார்கள். "நீ போடி." "நீங்க போங்க மதினி." முன்வரிசையில் சிரிப்பு எழுந்து அடங்கியது. மூவரில் இளையவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு படியேறினாள்.

நிம்மதியாகப் போய் வாருங்கள், அக்கா. உங்கள் பூசைக்கு ஆள் இருக்கிறது.