என் வாயால் தள்ளிப்போன ஆபரேஷன்

மூன்று வருடம் இருக்கும். மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் என் பக்கத்து வீட்டுக்காரி படுத்திருந்தாள். மறுநாள் காலையில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன்.

அம்பாசமுத்திரத்தில் ஒரே காம்பவுண்டில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறோம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். வீட்டுக்காரர் சவுதியில், அவருக்கு லீவு கிடைக்கவில்லை. காலேஜில் படிக்கும் மகள் ஒருத்திதான் துணை. அதனால் கூட இருக்கும் பெரிய மனுஷி நான். கர்ப்பப்பையில் கட்டி வந்து, மாதம் முழுக்க ரத்தப்போக்கு. வெளுத்துப்போய்க் கிடந்தவளுக்கு இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் ஆபரேஷனுக்குத் தேற்றியிருந்தார்கள்.

இங்கே என் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போவதென்றால் எனக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. நாலு ஆப்பிளை வாங்கிக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டால், அதே வியாதியில் யார் யார் என்ன பாடு பட்டார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைப்பு. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நான் கொஞ்சம் கூடுதல்.

அன்றைக்கும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆழ்வார்குறிச்சியில எங்க பெரிய நாத்தனாருக்கும் இதே ஆபரேஷன்தாம்ட்டி. நல்லாப் பேசிக்கிட்டேதான் உள்ள போனாவ. மயக்கம் தெளியவே இல்ல."

"அப்படியாக்கா" என்று மட்டும் கேட்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். குளிருகிறதாக்கும் என்று நினைத்து, எழுந்து போய் ஃபேனைக் குறைத்துவிட்டு வந்து மீதிக் கதையையும் சொன்னேன்.

மறுநாள் காலையில் அவள் ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறைத் தாண்டி நின்றது. இரண்டு மூன்று முறை பார்த்தார்கள். இறங்கவில்லை. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

"நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தது? யாராவது எதையாவது சொல்லிப் பயங்காட்டினீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்ல டாக்டர்" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெளியே வந்ததும் மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: "பெரியம்மா, நீங்க சொன்னதுக்கப்புறம் உம்மா கண்ண மூடவே இல்ல."

நான் உள்ளே போய் அவள் துணிமணிகளைப் பையில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

மாத்திரை எழுதிக் கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அதற்குமேல் நாளைக் கடத்தினால் ஏற்றிய ரத்தமெல்லாம் போய்விடும், பிறகு ஆபத்து என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தவள் ஒரே பிடியாகப் பிடித்தாள். "எனக்கு ஆபரேஷனே வேண்டாம்க்கா. இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அந்த நாட்களை நான் இன்னும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் அவர்கள் வீட்டுக் கொடியைத்தான் பார்ப்பேன். துவைத்த துணி கூடுதலாகத் தொங்கினால் ரத்தப்போக்கு கூடுதல் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவளுக்கு ஏதாவது ஆனால் சவுதியிலிருந்து வருகிற மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பேன்? அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

நாத்தனாருக்கு அப்போது எழுபத்துநாலு வயது, இருதயமும் பலவீனம் என்கிற உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். முதல் நாளே அதை ஏன் சொல்லவில்லை? சொன்னால் கதையில் உப்புச் சப்பு இருக்காது, அதனால்தான். அவளோ, "இப்ப எனக்காவச் சொல்லுதிய" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். நல்லதையே நினை, தைரியமாய் இரு என்றேன்.

"நெனைக்கத்தான் பாக்கேன்க்கா. கண்ண மூடுனா ஒங்க நாத்தனார்லா வந்து நிக்காவ."

இந்த ஆபரேஷன் செய்து பிழைத்தவர்கள் யாராவது உண்டா என்று உட்கார்ந்து யோசித்தேன். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. செத்தவர்கள் மட்டும் தேதி கிழமையோடு வந்தார்கள். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், கல்லிடைக்குறிச்சியிலிருந்து எங்களுக்கு அப்பளம் கொண்டுவந்து தருகிற அம்மாளின் ஞாபகம் வந்தது. அவளுக்கும் இதே ஆபரேஷன்தான். நானே ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறேன். அவள் படுத்துக் கிடந்தது மனதில் இருந்தது. எழுந்து, மாசா மாசம் கூடையோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்பது கணக்கிலேயே வரவில்லை.

உடனே பஸ் ஏறி ஆற்றைத் தாண்டிப் போனேன். மொட்டை மாடியில் வெயிலில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"என்னையப் பாக்க வந்தன்னைக்கும் இதே கதையத்தானக்கா சொன்னிய! நான் உறங்குத மாதிரி திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் மறுநாள் மத்தியானமே வந்தாள். வந்தவள் பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பகீரென்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"மூணு நாளு நல்லா வலிக்கும், கேட்டியா? இருமுனா உசுரு போயிட்டுத்தான் வரும். ஒரு சின்னத் தலகாணிய எடுத்துட்டுப் போ. இருமல் வந்தா அத வயித்துல வச்சு அமுக்கிக்கிட்டுப் பைய இருமு. நாலாம் நாளு நீயே எந்திச்சு நடப்ப. நான் மூணு மாசம் கழிச்சு டாக்டர் சரின்னதுக்கப்புறம் பழையபடி மாவு இடிக்க ஆரம்பிச்சுட்டேன். இந்தா, கையப் பாரு."

கையை மடக்கிக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எத்தன நாள்ல குனிய முடிஞ்சது?" என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. அடுத்து இன்னொன்று, இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் காரமில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டு அப்பளம் கேட்டு அழுத கதையை அந்த அம்மாள் சொன்னபோது, இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் போனில் பேசிக்கொண்டார்கள். அவள் சாப்பிட்டாள், உறங்கினாள். பத்தாம் நாள் பார்த்தபோது ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. மாத்திரையாலா, மனது தெளிந்ததாலா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மாத்திரை அது வேலையைச் செஞ்சிருக்கு. பயம் குறைஞ்சதும் ஒத்தாசைதான்" என்றார்.

ஆபரேஷன் அன்று தியேட்டர் வாசலில் ஒன்றரை மணி நேரம் என்றார்கள், இரண்டரை ஆயிற்று. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன். இப்போது நாத்தனார் என் கண் முன்னால் வந்து நின்றார். அவளை எவ்வளவு பெரிய பயத்தில் தள்ளியிருக்கிறேன் என்று அங்கேதான் முழுதாகப் புரிந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள். நானும் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

சாயங்காலம் எங்களை உள்ளே விட்டார்கள். அவளுக்கு லேசாக இருமல் வந்தது. கை தானாகத் தலையணையைத் தேடி எடுத்து வயிற்றில் அமுக்கியது. இருமி முடித்து, வலியில் கண் கலங்க, என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள். மூன்று நாள்தானே என்று அர்த்தம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

போன மாதம் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் அதே தலையணை. "பின் தெருவுல ஒருத்திக்கு இதே ஆபரேஷனாம்க்கா. பயந்துபோயிக் கிடக்காளாம். நான் போறேன், நீங்களும் வாங்க. வாயத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

போனேன், திறக்கவில்லை. அவள் பேசப் பேச அந்தப் பெண்ணின் முகம் தெளிந்துகொண்டே வந்ததைப் பார்த்தபோது, இத்தனை வருடம் எத்தனை கட்டில்களின் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பேர் உறக்கத்தைக் கெடுத்திருப்பேனோ என்ற எண்ணம் வந்தது. அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.