அப்பா சாய்ந்த கை

மடவளையைத் தாண்டி பஸ் ஏற்றத்தில் முக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. போனில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தேன். குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவனின் கதை. அவன் ஆற்றில் முழுகிச் சுகமானது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பிறகு அவன் கேட்பதை அதுவரை கவனித்ததே இல்லை. இனி வேறு தெய்வத்துக்குப் பலியிட மாட்டேன் என்கிறான். ஆனால் என் ராஜா கோயிலில் கும்பிடும்போது என் கையில்தான் சாய்வார், அவர் குனிந்தால் நானும் குனிய வேண்டிவரும், இந்த ஒன்றை மட்டும் ஆண்டவர் மன்னிக்க வேண்டும் என்கிறான். தீர்க்கதரிசி அவனைக் கண்டிக்கவில்லை. சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

எனக்கு அப்பாவின் கால் நினைவுக்கு வந்தது.

தேயிலைச் சரிவில் கொழுந்துச் சாக்கோடு விழுந்து முறிந்த கால். பிளாஸ்டர் வெட்டியாகிவிட்டது, கம்பு ஊன்றி எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசல்வரை நடப்பார். ஆனால் பன்வில பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் மேட்டில் இருக்கிறது. படிகள் பாசி பிடித்தவை. திருவிழாவுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்கிறார். வீட்டில் இருக்கும் ஒரே கை என்னுடையது. அதை அப்பா கேட்க மாட்டார்.

ஏன் கேட்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். காலையில் குளித்ததும் திருநீறு பூசிக்கொண்டு, விரலில் மிச்சமிருப்பதை என் நெற்றியில் இழுத்துவிடுவது அவர் வழக்கம். நான் ஞானஸ்நானம் எடுத்துவிட்டு ஈரத் தலையோடு வந்த அன்று, "இனிமே பூசக் கூடாதா?" என்று கேட்டார். "வேணாம்ப்பா" என்றேன். சண்டை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. சாப்பாடு இருக்கிறது, மழை வரப்போகிறது, கதவைச் சாத்து. அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

கண்டியில் ஒரு கடையின் மேல்மாடியில் எங்கள் வாலிபர் கூட்டம் சனிக்கிழமைகளில் கூடும். அங்கே வேத வசனத்தைக் கேட்டால் போதாது, அந்த வாரத்துக்குள் செய்ய வேண்டும். செய்ததை அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்று சொல்ல வேண்டும். முதலில் எழுந்து நிற்பது எப்போதும் நான்தான். வத்தேகமவில் நான் கணிதம் சொல்லிக்கொடுக்கும் டியூஷன் வகுப்பில் என்னைப் பற்றிக் கண்டபடி பேசியவருக்கு மழையில் என் குடையைக் கொடுத்தேன், கூட்டம் கைதட்டியது. வாரத்துக்கு ஒரு வசனம் எனக்குப் போதவில்லை. ஆனால் வீட்டுக்குள் மட்டும் ஒரு வசனமும் நடக்கவில்லை. ஊரெல்லாம் வளர்ந்துகொண்டு வாசலில் தேங்கி நின்றேன். அதனால்தான் அந்தப் படைத்தலைவனைக் கண்டதும் துள்ளிவிட்டேன்.

திருவிழா அன்று அப்பா வேட்டி கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். யாராவது அந்தப் பக்கம் போனால் கூப்பிடலாம் என்ற இருப்பு அது. "வாங்கப்பா, போவோம்" என்று கையை நீட்டினேன். அவர் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு எழுந்தார்.

படியேறும்போது அவருடைய முழுப் பாரமும் என் முழங்கையில் இருந்தது. மேலே தீபாராதனை காட்டினார்கள். தப்பு மேளச் சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. அப்பா குனிந்தார், கதையில் சொன்னது போலவே நானும் குனிந்தேன். அந்த நேரம் எனக்குப் பயமே இல்லை. வசனம் இருக்கிறதே.

பூசாரி திருநீறு கொடுத்தார். அப்பா பூசிக்கொண்டார். பழக்கத்தில் அவர் விரல் என் நெற்றியை நோக்கி வந்தது. நான் அசையவில்லை. விரல் பாதியில் நின்றது. அவராகவே அதை மடக்கி, மிச்சத்தைத் தன் கையிலேயே தேய்த்துக்கொண்டார். குனிவதற்கு என்னிடம் வசனம் இருந்தது. மடங்கிய அந்த விரலுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

இறங்கும்போது, "ஒனக்குச் சங்கடமா இருந்திச்சா?" என்று கேட்டார். எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு கேள்வி. நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவசரக்காரி, முழுக் கதையையும் கொட்டிவிட்டேன். அப்பா படியில் நின்று கேட்டார்.

"அந்த ராஜா நல்லவனா, கெட்டவனா?"

"அது தெரியாதுப்பா."

"சரி, நல்லவன்னே வச்சுக்குவோம்" என்று சிரித்தார். கம்பு ஆடியது. "கால் ஒடஞ்சாத்தான் எனக்கு ராஜா வேல கெடைக்குது."

அந்தச் சிரிப்போடு இருந்திருந்தால் நன்றாயிருக்கும். யாரோ திருவிழாவை, நான் குனிந்ததையும் சேர்த்து, வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் அக்கா மறுநாள் காலையிலேயே அழைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்தவர். கடுமையாகப் பேசத் தெரியாதவர். அதனால்தான் இன்னும் வலித்தது. நான் படைத்தலைவனைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஓம், அவன் குனிஞ்சவன்தான். ஆனா போக முதலே மன்னிப்புக் கேட்டவன். நீர் கேட்டனீரா?"

கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. குனிவதற்கு வேதத்தில் ஓர் இடம் கிடைத்த மகிழ்ச்சியில், சனிக்கிழமை எப்படிச் சொல்வது என்று வாக்கியம்கூட யோசித்து வைத்திருந்தேன். அவனுக்கு மனம் உறுத்தியது. எனக்கு அவனுக்குக் கிடைத்த பதில் மட்டும் போதுமாயிருந்தது. வேதத்துக்குக் கீழ்ப்படிந்தேனா, நான் செய்ய நினைத்ததற்கு வேதத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டேனா? இதுவரை எழுந்து நின்று சொன்ன வசனங்களில் எத்தனை இப்படி? குடை கொடுத்ததுகூட யாருக்காக?

சனிக்கிழமை கூட்டத்தில் நீரே சொல்லும், நீர் தொடர்ந்து எங்கட பாட்டுக் குழுவில் பாடுவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று அக்கா முடித்தார். அந்தக் குழுவை விட்டு நிற்பது எப்படியிருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்பாவின் அந்த ஒரு கேள்வியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

இன்று மாலை அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, வெள்ளிக்கிழமை அபிஷேகம் இருக்கு என்றார். மழை வரப்போகிறது என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் அது என்னைக் கேட்பதுதான்.

ஆகவே முதலில் வெள்ளிக்கிழமை. அதற்கு முன்னால் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மன்னிப்பைக் கேட்கப் போகிறேன், போய்விட்டு வந்து அல்ல. சமாதானமாகப் போ என்று எனக்கு ஒருவரும் சொல்லாமலும் இருக்கலாம். பிறகு அப்பாவிடம், படியேறுவதற்கு முன்பே, திருநீறு கையில் இருக்கும்போது நாம் இரண்டு பேரும் என்ன செய்வது என்று கேட்பேன். அந்த விரல் இன்னொரு தரம் பாதி வழியில் தனியாக நிற்கக் கூடாது. அவர் சொல்வதையும் என்னால் முடிந்ததையும் சேர்த்துச் சனிக்கிழமை மேல்மாடிக்குக் கொண்டுபோவேன். இந்த முறை முதலில் எழுந்து நிற்காமல் இருக்கப் பார்க்கிறேன்.