தலை தட்டாமல் அளந்த அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டேன். பொங்கல் இருந்தது... சர்க்கரையைத்தான் காணோம்.

குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் நடந்தது. பக்கத்து வீட்டு நாச்சிமுத்து எஸ்டேட்டின் ஹெட் கிளார்க். அவர் மகளைப் பெண் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறி ஒரு குடும்பம் வந்திருந்தது. இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று போனவர்கள்தான். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்று மனிதர் சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது.

நாச்சிமுத்துவுக்கு உலகத்தில் ஒரே நம்பிக்கை — தராசு. பின்னே? விடிந்தால் தேயிலைக் கொழுந்து நிறுப்பதையே பார்த்துக்கொண்டிருப்பவர் வேறு எதை நம்புவார்? அரிசியைப் படியில் அளக்கிறோம், வெல்லத்தை நிறுக்கிறோம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்பது அவர் கவலை. ஒரு படி அரிசியை, மேலே குவிந்ததை வழித்துத் தலை தட்டி அளந்து ஃபேக்டரித் தராசில் நிறுத்தார். அத்தனை ராத்தல் அரிசிக்கு இத்தனை ராத்தல் வெல்லம் என்று கணக்குப் போட்டார். பொங்கலுக்கு வேண்டிய வெல்லத்தைத் தன் கையாலேயே நிறுத்து அடுக்களைக்கு அனுப்பினார். ஒரு தூள் கூடவோ குறையவோ கூடாது என்று உத்தரவு வேறு!

கணக்கில் தப்பே இல்லை. நானும் பார்த்தேன்.

வந்தவர்களுக்கு இலைத்துண்டில் பொங்கல் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்தார். அப்படியே நிறுத்தினார்.

"ஏனுங்க, வெல்லம் போட மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க?"

நாச்சிமுத்துவின் முகம் வாடிப்போயிற்று. மனைவியைப் பார்த்தார். "நிறுத்துக் குடுத்தனே, அத்தனையும் போட்டியா இல்லியா?"

"போட்டனுங்க" என்றார் பழனியம்மாள். "அரிசியத்தான் எப்பவும் போலக் கோபுரமா அளந்தேன். நல்ல காரியத்துக்குப் போயி ஆராச்சும் படியத் தலை தட்டுவாங்களா?"

அவ்வளவுதான் விஷயம். நல்ல நாளில் படியைத் தலை தட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் சட்டம். அடுக்களைப் பக்கமே போகாத கிளார்க்குக்கு அது எப்படித் தெரியும்? படிக்குப் படி கூடுதலாக ஏறிய அரிசி, வெல்லத்தை விழுங்கிவிட்டது. படியை ராத்தலாக்கலாம், ராத்தலைப் படியாக்கலாம். அளக்கிற கையை எந்தத் தராசில் நிறுப்பது?

மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை.

"தலை தட்டாத ஊடுங்களா? நல்லதுங்க. அப்படியே புள்ளைக்கு நகையையும் படியிலயே அளந்து போட்டுருங்க... கோபுரமா!"

வேடிக்கையா, நிஜமா? யாருக்கும் விளங்கவில்லை.

நாச்சிமுத்து பதறிவிட்டார். "ஐயோ சம்பந்தியம்மா, நகைக்கு மட்டும் தராசே இருக்கட்டுமுங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தாம்பூலம் மாற்றவில்லை. பேச்சே இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதற்குள் சம்பந்தியாம்!

அந்தம்மாள் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சம்பந்தின்னே சொல்லிப்போட்டீங்க, அப்புறம் என்னங்க? கொஞ்சம் வெல்லத்தைக் கரைச்சு இதுல ஊத்தச் சொல்லுங்க."

கணக்குப் போட்டுச் செய்தது பொங்கல். வாய் தவறி முடிந்தது — கல்யாணம்!