அறுபது நிமிடக் கேசட்டில் முடிந்த பாட்டு

எங்கள் மூன்று பேருக்கும் சொந்தமாக ஒரே ஒரு பாட்டுதான் உண்டு. மற்றபடி கல்யாண வீட்டிலும் கோயில் மேடையிலும் சினிமாப் பாட்டு வாசித்தே காலத்தை ஓட்டியவர்கள். நான் பேஸ் கிடார். ஒருவன் பாடுவான், கிடாரும் வாசிப்பான். மூன்றாமவன் பெரியபட்டினத்துக்காரன், டிரம்ஸ். அந்த ஒரே பாட்டைப் போன கோடையில், ராமநாதபுரத்தில் பாடகனின் வீட்டு மாடியில் வைத்துப் பதிவு செய்தோம். இப்போது அது யார் போனில் வேண்டுமானாலும் கிடைக்கிறது. கேட்டவர்கள் பாராட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

காரணம் அதன் முடிவு. எங்கள் பாட்டுக்கு முடிவு கிடையாது, நடுவில் அறுந்துவிடும். ராமேஸ்வரம் சாலையில் ரயில்வே கேட்டை மூடினால் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசைகட்டி நிற்குமே, அதைப் பற்றி நான் எழுதியது. கடைசி நான்கு வரிகள் இப்படி வரும்:

கேட்டு போட்டிருக்கு, ரயிலக் காணோம்,
வண்டிய விட்டு எறங்க ஆளக் காணோம்,
நானும் நிக்கேன், நீயும் நிக்க,
தொறக்கச் சொல்லி யாரும்

அவ்வளவுதான். ‘யாரும்’ என்றதும் குரல், கிடார், டிரம்ஸ் எல்லாம் ஒரே நொடியில் நின்றுவிடும். டிரம்ஸ்காரன் ஓங்கிய குச்சியை இறக்காமல் அப்படியே பிடித்திருப்பான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அதுதான் அந்தப் பாட்டின் முடிவு. அந்த அறுந்த முடிவைக் காப்பாற்றத்தான் போன கோடையில் நான் சண்டை போட்டேன். தோற்றேன். தோற்றதற்கு யார் காரணம் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராமநாதபுரத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். ஆட்கள் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள், நான் கேசட்டில் அடித்துக் கொடுப்பேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்க் காட்டில் அய்யாவோடு நிற்பதற்குப் பயந்து பிடித்த வேலை அது. ஒருநாள் டிரம்ஸ்காரன் ஒரு கேசட்டோடு வந்தான். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவனுடைய மாமா கொண்டுவந்தது. அட்டைப் படம் இல்லை, பெயர் இல்லை. வெள்ளைக்காரப் பையன்கள் யாரோ பாடியது என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. மாமா மறுநாள் விமானம் ஏறுகிறார், கேசட் அவர் கையில் திரும்பப் போயாக வேண்டும்.

“இன்னக்கே அடிச்சுக் குடு மாப்ள. எங்கிட்ட டேப்ரெக்கார்டர் இல்ல, நான் இன்னும் ஒரு பாட்டுக்கூடக் கேக்கல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

தொண்ணூறு நிமிடக் கேசட்டுகள் முதலாளியின் அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. அவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்து கேட்டிருக்கலாம். எனக்குச் சோம்பல். கையில் கிடைத்த அறுபது நிமிடக் கேசட்டைப் போட்டு அடித்தேன். முதல் பக்கம் சரியாக அடங்கியது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு நடுவில் போய்க்கொண்டிருக்கும்போது, பதிவாகும் டெக்கின் பட்டன் ‘டக்’கென்று எழும்பிவிட்டது. டேப் தீர்ந்துவிட்டது.

பக்கத்து டெக்கில் மாமாவின் கேசட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் குரல் ஓய்ந்து, ஒரு கிடார் மட்டும் லேசாக இழுத்துக்கொண்டிருக்க, டிரம்ஸ் எழுந்தது. மூன்று நிமிடமாவது இருக்கும். அந்த ஆல்பம் முழுக்க அடக்கி வாசித்தவன் கடைசியில் கணக்குத் தீர்த்ததைப்போல் வாசித்தான். ராமநாதபுரத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான். மிச்சத்தை வேறொரு கேசட்டில் அடிக்கலாம் என்றுகூடத் தோன்றியது. வாடிக்கையாளர் யாரோ வந்தார்கள். விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நான் அடித்த கேசட்டைப் பாடகன் வீட்டில் மூன்று பேரும் கேட்டோம். கடைசிப் பாட்டு அறுந்ததும் டிரம்ஸ்காரன் எழுந்தே நின்றுவிட்டான். “அல்லாவே! என்ன துணிச்சல்லே இவனுக்கு! பாடிட்டு இருக்கும்போதே எந்திரிச்சுப் போயிட்டான்!” பாடகனுக்கும் புல்லரித்தது. அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏதோ நானே அந்த ஆல்பத்தைப் போட்டவன் மாதிரி நானும் தலையாட்டினேன். அன்றே வாயைத் திறந்திருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும்.

அந்தப் பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். மோட்டார் சத்தம்போல் கிடார் இரையும் பாட்டுக்கு ‘ஐஸ் பேக்டரி’. மூக்கால் முனகுவதற்கு ‘அழுமூஞ்சி’. பிற்பாடு பாடகன் சென்னைக்குப் போய்வரும்போதெல்லாம் அதே காலத்து ஆல்பங்கள் வேறு சிலவற்றைக் கொண்டுவந்தான். எல்லாம் ஒரே ரகம்தான்; ரகசியம் சொல்வதுபோல ஆரம்பித்துத் திடீரென்று தொண்டை கிழியக் கத்துவார்கள். எங்களுக்கு அது பிடித்திருந்தது. மேடையில் சிரித்த முகத்தோடு ஜோடிப் பாட்டு வாசிக்கிறவனுக்கு உள்ளே கத்த வேண்டும்போல்தான் இருக்கும். ஆனால் எத்தனை ஆல்பம் வந்தாலும், பெயரில்லாத அந்தக் கேசட்டுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது என்பதில் மூவரும் ஒரே கட்சி.

பாட்டு எழுதுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் அடிதடிதான். மெட்டுதான் முதலில் வர வேண்டும் என்பான் பாடகன். சொல் இல்லாமல் மெட்டு எதற்கு என்பேன் நான். டிரம்ஸ்காரன் இரண்டு பேரையும் கையமர்த்துவான். “எங்கன நிறுத்தணும்னு தெரியாதவன் பாட்டே எழுதக் கூடாதுலே. அந்தக் கடேசிப் பாட்டக் கேளுங்க, புரியும்.” உண்மை என் நாக்கு நுனி வரை வரும். தேநீரைக் குடித்து உள்ளே தள்ளிவிடுவேன். எங்கள் ரயில்வே கேட் பாட்டை அறுந்த முடிவோடு எழுத வைத்தவன் அவன்தான்.

மாரியூரில் ஒரு திருவிழா. மதியம் அன்னதானப் பந்தி நடக்கும்போது, சினிமாப் பாட்டுகளுக்கு நடுவில் எங்கள் பாட்டைச் செருகினோம். ‘யாரும்’ என்று நின்றதும் சவுண்டு செட்டுக்காரர் அலறிக்கொண்டு ஜெனரேட்டருக்கு ஓடினார். பந்தியில் இருந்தவர்கள் சாம்பார்க் கையோடு திரும்பிப் பார்த்தார்கள். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

“ஏம்ப்பா, என்ன ஆச்சு? கரண்டு இருக்கே?”

“பாட்டு முடிஞ்சிருச்சுண்ணே” என்றான் டிரம்ஸ்காரன். குச்சி இன்னும் மேலேதான் இருந்தது.

“முடிஞ்சா முடிஞ்சதுன்னு சொல்ல வேண்டாமாப்பா?”

எவனோ ஒருவன் தண்ணீர்ப் பாக்கெட்டை வீசினான். அது டிரம்ஸ்காரனின் சட்டையில் பட்டு உடைந்தது. ஈரச் சட்டையோடு வேனில் திரும்பும்போது, “புரியாதவன் எறியத்தான் செய்வான்” என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தான். நான் செய்த சோம்பேறித்தனத்துக்கு அவன் நனைந்தான்.

பிறகு அவனும் மாமா வழியில் வளைகுடாவுக்குப் போனான். பத்து வருடத்துக்கு மேல் தரையில் டைல்ஸ் பதித்தான். வலது மணிக்கட்டு கெட்டுப்போய்த் திரும்பிவந்து, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். நான் செல்போன் கடையில் கண்ணாடி மாற்றுகிறேன். பாடகன் மட்டும் இசையில் ஒட்டிக்கொண்டிருந்தான். கீபோர்டு வகுப்பு எடுக்கிறான், மாடி அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தைகளை அடித்து ஒரு ஸ்டுடியோவும் வைத்திருக்கிறான். போன கோடையில் அவன்தான் கூப்பிட்டான். “சாகுறதுக்குள்ள நம்ம பாட்ட ஒழுங்காப் பதிஞ்சு வச்சிருவோம்.”

மைக்கில் இரைச்சல் விழும் என்று ஏசியை நிறுத்திவிட்டான். வேர்வை ஆறாக ஓடியது. கீழ்வீட்டுக் குக்கர் விசிலுக்காக ஒரு டேக்கைத் தூக்கிப்போட்டோம், கருவாட்டு லாரியின் ஹாரனுக்காக இன்னொன்றை. ஒருவழியாக ‘யாரும்’ வரைக்கும் நன்றாக வந்தது. டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்போதுதான் பாடகன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஆரம்பித்தான்.

“மாப்ள, முடிவு ஒண்ணு வைக்கணும். போன்ல கேக்குறவன் டவர் போயிருச்சுன்னு நெனப்பான். நான் ரெண்டு வரி வச்சிருக்கேன்.”

பாடிக் காட்டினான். ‘தொறக்கச் சொல்லி யாரும் வரல, தொறந்து கெடக்கு வானம் மேல.’ வானமாம். வெயிலில் கேட்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றவனிடம் போய் வானத்தைக் காட்டினால் செருப்பால் அடிப்பான். அதையேதான் நான் சொன்னேன், இன்னும் மோசமான வார்த்தைகளில். எங்களிடம் மிச்சம் இருக்கும் ஒரே நல்ல விஷயம் அந்த முடிவுதான் என்று கத்தினேன். டிரம்ஸ்காரன் என் பக்கம் நின்றான்.

“அவன் சொல்றதுதான் சரி. அந்த ஆல்பத்துல எப்படி முடிச்சான்? அதே மாதிரிதான் நாமளும்.”

பாடகன் போனை எடுத்தான். அந்தப் பழைய கேசட்டை ஓடவிட்டு, பாட்டைக் கண்டுபிடிக்கும் ஆப்பைத் திறந்து போனிடம் காட்டினானாம். அது குழுவின் பெயர், ஊர், போட்டோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாம். “கடேசிப் பாட்டு, முழுசாக் கேளுங்க” என்று ஸ்பீக்கரில் போட்டான்.

நான் தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் வந்தது. பாட்டு நிற்கவில்லை. குரல் வரியை முடித்து ஓய்ந்தது. பிறகு அந்த டிரம்ஸ்.

டிரம்ஸ்காரனின் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. இரண்டாவது சுற்றிலேயே பிடித்துவிட்டான். அவன் முகத்தில் இருபது வயது வந்துபோனதை நான் பார்த்தேன். அப்புறம் விரல்கள் நின்றன.

“இது எங்கன போச்சு? அன்னக்கி கேசட்டுல இல்லயே. நீதான அடிச்ச?”

சொன்னேன். அலமாரி, அறுபது நிமிடம், எழும்பிய பட்டன், எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“முழுசா?”

“முழுசாத்தான்.”

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பிப் பேசியிருப்பேன். அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்த துணிப் பட்டையை இறுக்கிக்கொண்டான். “அப்ப என் கை நல்லா இருந்துச்சுலே” என்று மட்டும் சொன்னான். பிறகு பாடகனிடம், “முடிவு வச்சிருவோம். நல்லா நீளமா வையி” என்றான்.

அந்த மூன்று நிமிடத்தை அப்படியே எங்கள் பாட்டில் வாசித்துவிடப் பார்த்தான். நான்கு முறை முயன்றான். ஐந்தாவது முறை குச்சி கையை விட்டு நழுவி மெத்தைச் சுவரில் போய் விழுந்தது. “பரவால்ல மாப்ள, நான் கம்ப்யூட்டர்ல போட்டுக்கிறேன்” என்றான் பாடகன். அவன் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது. பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது என்று டிரம்ஸ்காரன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனான். கீழே விழுந்த குச்சியை அவன் எடுக்கவில்லை. நான் உட்கார்ந்து, அந்த வானத்து வரிகளுக்குப் பேஸ் வாசித்துக் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது?

இப்போது பாட்டு வானத்தோடும் கம்ப்யூட்டர் டிரம்ஸோடும் முடிகிறது. “அப்பா, கடைசியில வர்ற டிரம்ஸ் செமயா இருக்கு. டிரம்ஸ் மாமாவா வாசிச்சாங்க?” என்று என் மகள் கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். பொய் சொல்லிப் பழகிய வாய்.

போன மாதம் டிரம்ஸ்காரன் என் கடைக்கு வந்தான். வேனில் போன் விழுந்து கண்ணாடி உடைந்திருந்தது. ஊரில் எத்தனையோ கடை இருக்க என்னிடம் வந்தானே என்று மனம் குளிர்ந்துபோனது. புதுக் கண்ணாடியை ஒட்டி, சரியாக வேலை செய்கிறதா என்று விரலால் இழுத்துப் பார்த்தேன். எதிலோ விரல் பட்டு, பாட்டு ஓட ஆரம்பித்தது. எங்கள் பாட்டு இல்லை. பெயரே தெரியாமல் இத்தனை வருடம் நாங்கள் கேட்ட அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அறுந்த இடத்துக்குப் பிறகு, டிரம்ஸ் எழும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தான். நான் பதறிப்போய் அணைக்கப் பார்த்தேன்.

“நிறுத்தாத” என்றான்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் நின்றுகொண்டு கடைசி வரை கேட்டோம். அவன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாட்டு முடிந்ததும் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பழக்கமானவர்கள் பிரியும்போது எங்கள் பக்கத்தில் ‘வாரேன்’ என்றுதான் சொல்வோம். எவ்வளவு பெரிய சண்டையிலும் அது மாறாது. அவன் படி இறங்கினான், திரும்பி என் முகத்தைப் பார்த்தான்.

“போறேன்” என்றான்.