குடிக்காத தண்ணீர்

தலத்தெருவில் வீட்டுக்கு ஒருவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய்க் கிடந்த வாரத்தில்தான் அந்தச் சுகாதார ஊழியர் கணக்கெடுக்க வந்தார். ஒல்லியான பெண். கண்ணாடிக்கு மேலாக ஆளை அளக்கும் பார்வை. எனக்கு அதுவே பிடிக்கவில்லை. நோயாளி இருப்பதாகப் பெயர் கொடுத்த வீட்டுக் குழாயை அடைத்துவிடுவார்கள் என்று தெருவில் பேச்சு வேறு.

"வீட்ல யாருக்காவது வயித்தால போவுதாங்க?"

"இல்லைங்க." உள்ளே என் மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

"தண்ணி காய்ச்சித்தானே குடிக்கிறீங்க?"

"ஆமாங்க."

எழுதிக்கொண்டார். பிறகு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க, வெயில் தாங்கல" என்றார்.

பழக்க தோஷத்தில் குழாயிலேயே பிடித்து நீட்டினேன். அவர் குடிக்கவில்லை. டம்ளரை முகர்ந்து பார்த்துக் கீழே வைத்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"தாகம்னு கேக்கலிங்க. எங்க பிடிக்கிறீங்கன்னு பாக்கத்தான். எல்லா வீட்லயும் கேப்பேன்."

எனக்கு முகம் சிறுத்துப் போயிற்று. அவர் பையிலிருந்து இரண்டு உப்புசர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து, நிறைந்திருந்த டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

"காய்ச்சின தண்ணில கரைச்சு பொண்ணுக்குக் குடுங்க."

மகளைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. யார் சொன்னார்கள்?

இப்போதெல்லாம் யார் தண்ணீர் கேட்டாலும், குடித்து முடிக்கும்வரை அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.