தாராபாய்க்கு நான் எழுதிய அட்டை

போன டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, புனேயிலிருந்து ஜுன்னர் பக்கத்து மலைக்குப் போய் வந்தேன். சுற்றிப் பார்க்க இல்லை, மன்னிப்புக் கேட்க. அதற்கான பயண வழிகாட்டி எந்த வலைப்பூவிலும் கிடைக்காததால் நானே எழுதிவிடுகிறேன்.

புனேக்கு வந்து இருபத்திரண்டு வருடம், பிம்ப்ரியில் வீடு. கணவருக்கு வங்கி வேலை, எனக்கு வம்பு பேசும் வேலை. இந்த வாய்க்கும் ஏதாவது பிரயோஜனம் இருக்கட்டும் என்று, புனேயின் கேம்ப் பகுதியில் கண்காட்சிக் கடை போடும் ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தேன். ஆதிவாசிப் பெண்கள் செய்யும் பொருள்களைத் தரகர் இல்லாமல் வாங்கி, அவர்கள் சொல்லும் விலையிலேயே விற்கும் குழு. ஒவ்வொரு பொருளிலும் ஒரு அட்டை தொங்கும். செய்தவர் பெயரும் அவரைப் பற்றி நாலு வரியும் ஆங்கிலத்தில் இருக்கும். அட்டை எழுதுவது நான்.

துணியில் ஓவியம் வரையும் தாராபாயைப் பற்றி எனக்கு வந்த குறிப்பில் பெயர், ஊர், மூன்று பிள்ளைகள் என்று மூன்று விஷயந்தான் இருந்தது. நாலாவது வரி வேண்டுமே. "கணவரை இழந்தவர்" என்று போட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. மற்றவர்களின் துணிகள் சாயங்காலம் வரை தொங்க, தாராபாயினது மத்தியானத்துக்குள் தீர்ந்தது. என் எழுத்தை நானே மெச்சிக்கொண்டு அன்று இரண்டு பூரண் போளி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மார்ச்சில், துணி வாங்கிய ஒரு அம்மாள் பழைய புடவை மூட்டையோடு காரெடுத்து, துக்கம் விசாரிக்க அந்த ஊருக்கே போய்விட்டார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்தது தாராபாயின் கணவர் சோமா. இதைக் கேட்டு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பத்துப் பேரிடம் சொல்லியும் சிரித்தேன்.

ஆகஸ்டில் நெல்வயலில் பாம்பு கடித்து சோமா நிஜமாகவே இறந்துபோனார். எங்கள் குழுத் தலைவி வாட்ஸ்அப்பில் செய்தியைப் போட்டு, கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "அட்டையை மாற்றத் தேவையில்லை." கிளம்பும் தைரியம் வர எனக்கு நாலு மாதமாயிற்று.

காலை 6.20க்கு நாசிக் ஃபாட்டா சந்திப்பில் ஜுன்னர் போகும் அரசு எஸ்.டி. பஸ். 85 கிலோமீட்டர், பெண்களுக்குப் பாதிக் கட்டணத்தில் 78 ரூபாய். சாக்கண் லாரி நெரிசலில் மட்டும் ஐம்பது நிமிடம் போயிற்று. 9.40க்கு ஜுன்னர். காலைப் பலகாரத்துக்கு மிசல், அதாவது முளைப்பயறுக் காரக் குழம்பும் பன்னும், 70 ரூபாய். காரம் குறைவாக என்று சொல்லிப் பாருங்கள், பரிதாபமாகப் பார்ப்பார்கள். அங்கிருந்து பகிர்வு ஜீப்பில் 24 கிலோமீட்டர், 60 ரூபாய். என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் என் முழங்கால் வழிவிட வேண்டியிருந்தது. அவர்கள் பேசிய மராத்தியை எனக்குத் தெரிந்த கோவைத் தமிழில்தான் தர முடியும்.

"யாரு வீட்டுக்குங்க, மாவ்ஷி?" என்றார் டிரைவர். ஐம்பதைத் தாண்டிவிட்டால் இங்கே எல்லோருக்கும் மாவ்ஷி, அதாவது சித்தி.

"தாராபாய் வீட்டுக்கு."

"அட்டை தாராபாயா?"

"எந்த அட்டை?" என்றேன், ஒன்றும் அறியாதவள் போல.

"புனேல எவளோ ஒரு புண்ணியவதி, குத்துக்கல்லாட்ட இருக்கற மனுசனைச் செத்துட்டாருன்னு எழுதி வித்துருக்கறா. சோமா அண்ணன் இந்த ஜீப்புல ஏறுனா, 'பொணத்துக்கும் டிக்கெட்டாடா?'ம்பாரு. தங்கமான மனுசனுங்க."

மீதி வழி முழுக்க மன்னிப்பு வாக்கியங்களை மனதுக்குள்ளேயே ஒத்திகை பார்த்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

ஜீப் நிற்குமிடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். எனக்கு முக்கால் மணி நேரம். தாராபாயின் பக்கத்து வீட்டில் கல்யாணம். செம்மண் பூசிய சுவரில் நாலு பெண்கள் அரிசி மாவுக் கரைசலால் சௌக் வரைந்துகொண்டிருந்தார்கள். மணமக்களுக்காகப் போடும் சதுரச் சித்திரம் அது. கணவன் உயிரோடிருக்கும் பெண்கள்தான் அதை வரையலாம் என்பது அவர்கள் வழக்கம். தாராபாய் தன் வாசலில் உட்கார்ந்து அதற்கு அரிசி அரைத்துக்கொண்டிருந்தார். அரைக்கலாம், வரையக் கூடாது.

நான் யாரென்று சொன்னேன். அரைக்கிற கை நிற்கவில்லை.

"நீங்கதான் எழுதுனதுங்களா?"

"நான்தான்."

"நல்லா இருந்துச்சுங்களா?"

"நல்லா வித்துச்சு," என்றேன்.

"அந்த அட்டைதான் அவரைக் கொண்டுபோச்சுன்னு இங்க பொம்பளைங்க சொல்றாங்க. நான் நம்பலைங்க. பாம்புக்கு இங்கிலீசு தெரியுமா?"

நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏப்ரல்ல ஒரு கல்யாணங்க. பதினெட்டு வருசமா இந்த ஊருல எல்லாச் சௌக்கும் நான்தான் முதல் கோடு போடுவேன். அன்னிக்கு மாப்பிள்ளையோட ஆத்தா, 'இவளை அறுத்தவன்னு எழுதியாச்சு, இவ கை வேண்டாம்'னுட்டா. அவரு எம் பக்கத்துலயே நிக்கறாரு. 'நான் உசுரோடதானே இருக்கறேன்'னு மாரைத் தட்டிக் காட்டுனாரு. விடலைங்க. எனக்குக் கெடைச்சிருக்க வேண்டிய கடைசிச் சுவரு அது."

ஜீப்பில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியங்கள் ஒன்றும் அதற்குப் போதவில்லை. "தப்புப் பண்ணிட்டேன்" என்று மட்டும் சொன்னேன். "அட்டையெல்லாம் கிழிச்சுடறேன். புதுசா என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

அவர் மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சொன்னார். "அவரு இருக்கறாருன்னு எழுதுங்க."

"தாராபாய், அது..."

"பொய்யிங்களா? பொய் எழுத உங்களுக்கு வராதுங்களா?" குரலில் கோபம் இல்லை. "இங்க எல்லாருத்துக்கும் தெரியும் அவரு இல்லைன்னு. வாங்கறவங்களுக்குத் தெரியாதுங்களே. அங்கயாச்சும் இருக்கட்டும்."

மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசல் வரை போய், படிக்கு வெளியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் கடைசி ஜீப் மூன்றரைக்கு. தவறவிட்டால் ராத்தங்கல்தான். தண்ணீர் கொண்டுபோங்கள், பழைய புடவை வேண்டாம். துணி 850 ரூபாய், பேரம் பேசாதீர்கள். அட்டையில் படித்ததை வைத்து யாருக்கும் ஆறுதல் சொல்லாதீர்கள். என்னைப் போன்ற ஆட்கள்தான் அதையெல்லாம் எழுதுகிறோம்.

ஜனவரியில் கேம்ப்பில் மறுபடியும் கடை போட்டோம். தாராபாயின் துணிகள் இந்த முறை மெதுவாகத்தான் போயின. ஒரு பெண் புது அட்டையைப் படித்துவிட்டுக் கேட்டார்: "கணவர் சோமான்னு போட்டிருக்கு. அவர் என்ன செய்யறார்?"

குழுத் தலைவி என்னைப் பார்த்தார்.

"விவசாயம்," என்றேன். "இந்நேரம் வயலில் இருப்பார்."