எனக்கு மட்டும் திறந்த பக்கம்

இரண்டு வருடத்துக்கு முன்னால், கோடை முடிந்தும் வெயில் இறங்காத ஒரு பிற்பகலில், குமணன்சாவடியில் எங்கள் ஃபிளாட்டில் நடந்தது இது. நடந்தது என்று சொல்கிறேனே தவிர, நான் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே எல்லாம் முடிந்துபோனது.

நான் ராஜபாளையத்துக்காரி. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்து, ஐடி கம்பெனியில் வேலை பார்த்து, குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட் நட்டு செய்கிறவர், ஆவடியில் டியூஷன் நடத்துகிறவர், இப்படி. வேலையில் நான் கெட்டிக்காரிதான், அதில் தன்னடக்கமெல்லாம் கிடையாது. வாய்தான் கொஞ்சம் நீளம். சைட் திறக்கவில்லை என்று யாராவது போன் செய்தால், அவர் பேசி முடிப்பதற்குள் “எனக்கு ஓப்பன் ஆகுதே” என்று சொல்லிவிடுவேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான். நமக்குத் திறந்தால் ஊருக்கே திறந்துவிட்டதாக ஒரு நினைப்பு.

பூந்தமல்லியில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் பாய் ஒருவரும் என் வாடிக்கையாளர். கல்யாணங்களை வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் நேரலையில் பார்க்க அவருக்கு ஒரு சைட் செய்து கொடுத்திருந்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பக்கம். அந்தக் குடும்பம் யாருக்கு அனுமதி கொடுக்கிறதோ அவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். இதற்காக அந்த சைட்டில் இரண்டு பிளக்கின்கள் போட்டிருந்தேன். பிளக்கின் என்றால், வெப்சைட்டில் நாம் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் துண்டுகள். ஒன்று பூட்டு: எந்தப் பக்கத்தை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்வது. இன்னொன்று வாட்ச்மேன்: பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே நுழையப் பார்க்கும் திருட்டுப் பயல்களைத் தடுப்பது. இரண்டும் அதுவரை சண்டை சச்சரவு இல்லாமல்தான் இருந்தன.

அன்றைக்குக் காலையில் பாய் போன் செய்தார். அவர் தெருவில் மெத்தைக் கடை வைத்திருந்த பெரியவர் விடியற்காலையில் இறந்துவிட்டார். சின்ன மகன் வளைகுடாவில் டிரைவர். கம்பெனி விடவில்லை. விட்டிருந்தாலும் வந்து சேர முடியாது. பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்னால் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிடுவார்கள், யாருக்காகவும் காத்திருக்க வைக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. அந்தப் பையன் இருக்கிற நாட்டில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது. மெசேஜும் வாய்ஸ் மெசேஜும் மட்டும் போகும். அங்கே அனுமதி உள்ள வேறு ஒரு ஆப்பை இங்கே யார் போனிலாவது ஏற்றலாம் என்றால், அண்ணன்காரன் போனைக் கையில் தொடும் நிலையிலேயே இல்லை, வேறு யாருக்கும் அதைச் செய்யத் தெரியவில்லை.

வீட்டுப் பெரியவர்களுக்கு கேமரா என்ற பேச்சே பிடிக்கவில்லையாம். இறந்தவர் மையித்தைப் படம் எடுப்பதா என்று ஒரே கோபம். கடைசியில் அந்த அம்மா அழுது கேட்டிருக்கிறார். சின்னவன் ஒரே ஒரு தடவை அவன் அத்தா முகத்தைப் பார்க்கட்டும் என்று. சரி என்றார்கள், நிபந்தனையோடு. பதிவு செய்யக் கூடாது. அவனைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. முகத்தை மூடியதும் கேமராவை அணைத்துவிட வேண்டும்.

“வாக்கு குடுத்துகீறேன்மா. அவன் ஒருத்தன் கண்ணுக்குத்தான். பக்கத்தைக் கரீட்டா பூட்டிக் குடுத்துடு” என்றார் பாய்.

பூட்டிக் கொடுத்தேன். அந்தப் பையனுக்கு ஒரு கணக்கு உண்டாக்கி, லிங்கும் பாஸ்வேர்டும் அனுப்பினேன். நேரலை அந்தப் பக்கத்துக்குள்ளேயே மட்டும் ஓடும்படி செய்திருந்தேன், வெளியே கசியாது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மதியம் சாப்பாடு முடிந்த நேரம் பாய் கேமராவைப் போட்டார். சரிபார்க்கத் திறந்து வைத்திருந்த என் திரையில் படம் பளிச்சென்று வந்தது. கூடம், வெள்ளைத் துணி, முகம். சரி, ஓடுகிறது என்று பையனுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே அவனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. வண்டியை எங்கேயோ ஓரம் கட்டியிருக்கிறான், பின்னால் லாரிகள் போகிற சத்தம்.

“அக்கா, இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லைன்னு வருதுக்கா.”

என் வாய் சும்மா இருக்குமா? எனக்கு ஓப்பன் ஆகுதே தம்பி, உங்க நெட்டைப் பாருங்க என்றேன். பாவம், போனை அணைத்துப் போட்டான். வேறு சிம் மாற்றினான். அதே பக்கம். பாஸ்வேர்டைத் தப்பாக அடிக்கிறான் என்று நினைத்துப் புதிய பாஸ்வேர்டு அனுப்பினேன். அதே பக்கம். அவனுடைய கணக்கிலேயே என் போனில் நுழைந்து பார்த்தேன். அழகாகத் திறந்தது. அப்புறம் எனக்குச் சந்தேகமே இல்லை, கோளாறு அவன் பக்கம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். உலாவியை மாற்று, பழைய தகவலை அழி என்று வரிசையாக விரட்டினேன். எல்லாவற்றையும் செய்தான். ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை. “இல்லக்கா, அதேதான் வருது” என்று மெதுவாக, என்னைத் தொந்தரவு செய்வதற்கு வருத்தப்படுகிற மாதிரி சொன்னான்.

நடுவில் பாய் குரல் தாழ்த்திப் போன் செய்தார். “இன்னாமா, புள்ள பாத்துகினு கீறானா? இங்க பொம்பளைங்க பாத்து முடிச்சிட்டாங்க. பெரியவங்க நேரமாவுதுங்கறாங்க.”

அனுமதி இல்லை என்று சொல்வது பூட்டு பிளக்கினின் வாசகம். அதனால் அந்தப் பூட்டையே அணைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அதை அணைத்தால் சைட்டில் இருக்கிற எல்லாப் பக்கமும் திறந்துவிடும். எத்தனையோ கல்யாணத்தில் பெண்கள் பக்கம் மட்டும் எடுத்த வீடியோக்கள் அதில் இருந்தன. பாயிடம் கேட்டேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை அவர்.

“வாணாம்மா. நம்பிக் குடுத்தவங்க ஊட்டுப் பொம்பளைங்க அது. அதை மட்டும் தொடாதே.”

“அப்ப கொஞ்ச நேரம் ரெக்கார்டாவது பண்ணுங்க பாய். அவன் பாத்ததும் அழிச்சிருவோம்” என்று கெஞ்சினேன்.

“வாக்கு குடுத்துட்டேனே” என்றார். அவர் குரலும் உடைந்துதான் இருந்தது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. இரண்டு பிளக்கின் மோதுகிற மாதிரி தெரிந்தால், ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்படியே செய்தேன். சின்னச் சின்னதாக இருந்தவற்றை அணைப்பேன், பையனைப் பார்க்கச் சொல்வேன், இல்லக்கா என்பான், அடுத்ததுக்குப் போவேன். வாட்ச்மேன் பிளக்கினைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன், அது நல்ல பிள்ளை என்று. அது யாரையெல்லாம் தடுத்தது என்று குறித்து வைக்கும் பட்டியலைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அன்று காலையில் அது தானாகவே புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. மாறிய கையோடு, வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரையும் வாசலிலேயே நிறுத்தத் தொடங்கியிருந்தது. நிறுத்தியதைத் தன் வாயால் சொல்லவும் இல்லை. பூட்டு பிளக்கினோடு முட்டிக்கொண்டு, அதன் வாசகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் இந்தியாவில் உட்கார்ந்து பார்த்தால் அது எப்படித் தெரியும்? ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் எனக்குத் திறந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

அணைத்தேன். இப்போது பாருங்கள் தம்பி என்று அனுப்பினேன். பதில் வந்தது. குரலில் அத்தனை ஆவல்.

“அக்கா, தொறந்துருச்சுக்கா! ஆனா கறுப்பா இருக்கு. இன்னும் ஆரம்பிக்கலையா?”

என் திரையைப் பார்த்தேன். அங்கேயும் கறுப்புதான். முகத்தை மூடிவிட்டார்கள். பாய் சொன்ன சொல் மாறாமல் கேமராவை அணைத்துவிட்டார்.

எழுதி எழுதி அழித்தேன். கடைசியில், முடிஞ்சிருச்சு தம்பி, என்னை மன்னிச்சிருங்க என்று பேசி அனுப்பினேன். என் குழந்தை தூங்கி எழுந்து வந்து காலைக் கட்டிக்கொண்டது. அப்புறம் பையனின் பதில் வந்தது.

“பரவால்லக்கா. நீங்க பாத்தீங்கல்ல? அத்தா எப்படி இருந்தாங்க?”

அந்த இடத்தில்தான் நான் உடைந்துபோனேன். ஏனென்றால் அந்த முகம் என் லேப்டாப்பின் மூலையில் அவ்வளவு நேரமும் இருந்தது. நான் பார்த்தது படம் ஓடுகிறதா என்று மட்டும்தான். அது ஒருவனின் அப்பா என்று ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லை. ஆனாலும் நினைவில் ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டி எடுத்துச் சொன்னேன். தாடியைச் சீவிவிட்டிருந்தார்கள். யாரோ ஒருவரின் கை காதோரம் துணியைச் சரி செய்தது. ஜன்னல் வெளிச்சம் நெற்றியில் விழுந்தது. அமைதியாக இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் இன்னொன்று கேட்டான். கண்ணு நல்லா மூடியிருந்துச்சாக்கா? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆமா தம்பி, தூங்குற மாதிரி நல்லா மூடியிருந்துச்சு என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

பாயிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நீ இன்னாமா பண்ணுவே” என்றார், அவ்வளவுதான். அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று பையனே கேட்டுக்கொண்டானாம். பார்த்துவிட்டதாகத் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

சில வாரம் கழித்து, அந்த அம்மா என்னைப் பார்க்க ஆசைப்படுவதாகப் பாய் சொன்னார். புருஷன் இறந்து இத்தா என்ற துக்க காலத்தில் இருக்கிறவர், வெளியே வர மாட்டார், நான்தான் போக வேண்டும். போகாமல் இருக்க எத்தனையோ சாக்குத் தேடினேன். அப்புறம் வெட்கப்பட்டுக்கொண்டு போனேன்.

கடைக்குப் பின்னால் வீடு. உள்ளறையில் வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தார். மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சின்னவன் தினமும் பேசுவானாம். அத்தாவைப் பார்த்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வானாம். தாடி சீவியிருந்தது, ஒரு கை துணியைச் சரி செய்தது, ஜன்னல் வெளிச்சம் நெற்றியில் விழுந்தது. ஒவ்வொன்றும் நான் சொன்ன சொல். அதை அந்த அம்மாவின் வாயால் கேட்கக் கேட்க எனக்குத் தலை நிமிரவே இல்லை.

“கண்ணு நல்லா மூடியிருந்துச்சும்மா, தூங்குற மாதிரி இருந்தாங்கன்னு சொன்னான்” என்றார். பிறகு என் கையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“மூடலம்மா. ஒரு கண்ணு மூடவே இல்ல. நான் மூடிப் பாத்தேன், எங்க அண்ணன் மூடிப் பாத்தாரு. லேசா தொறந்தேதான் இருந்துச்சு. கடைசிப் புள்ளையைத் தேடுதுன்னு பொம்பளைங்கல்லாம் அழுதாங்க. வந்து பாத்தவங்க எல்லாருக்கும் முதல்ல கண்ணுல பட்டதே அதுதான்.”

நான் அழுதேன். அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

“அழுவாத கண்ணு. அவன் பாக்கலன்னு எனக்கு அப்பவே தெரியும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். பாத்தேன்னே இருக்கட்டும் அவன்.”

டீயைக் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது எந்தப் பஸ் வந்தது, எது போனது என்று எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

மகன் அம்மாவுக்காக மறைக்கிறான், அம்மா மகனுக்காக மறைக்கிறார், இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். அவர்கள் இருவர்மீதும் எனக்குப் பெரிய மரியாதைதான். ஆனால் பார்க்க வேண்டியவனுக்குக் கிடைக்காத அந்த முகம் என் கண்ணெதிரே அத்தனை நேரம் இருந்தும், நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை விடாமல் உறுத்துகிறது.